இடக்கைச் சுற்று

கிஸ்பியாக்ஸ் ஆற்றோரம்
28 ஆகஸ்ட் 1994

அன்புள்ள ஹில்டாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் இதைப் பிரித்தாய் என்றால் அதுவே பெரிய விஷயம். நான் இருக்கிறேன். இருமலும் கூடவே இருக்கிறது.

வெட்கத்தை விட்டு ஒன்று கேட்கிறேன். இன்னும் சில நாளில் ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்துவிடும். என் தூண்டில் பெட்டியில் மீனை ஏமாற்ற உருப்படியாக ஓர் இறகு ஈ கிடையாது. கடை ஈக்களை இரண்டு மீன் கடித்தால் இறகு வேறு, முள் வேறு. நீ தூண்டில் முள்ளில் கட்டிய ஈயைப் பத்து மீன் கடித்தாலும் நூல் அவிழாது. நம் பையன் போனபிறகு நீ அந்த வேலையைத் தொடவில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். கறுப்பு இறகு, ஊதாக் கம்பளி உடம்பு, பழைய மாதிரியே ஒரு டஜன். பிய்ந்ததை ஒட்டுப்போட ஊதாக் கம்பளியும் கொஞ்சம் வை. நான் கட்டினால் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உனக்கே தெரியும். இப்போது கை வேறு நடுங்குகிறது.

ஆப்பிள் மரம் காய்த்ததா?

கார்ஸ்டன்


டெரஸ்
8 செப்டம்பர் 1994

திரு. கார்ஸ்டன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட பன்னிரண்டும் இத்துடன். மரம் காய்த்தது. கரடி தின்றது.

கம்பளி விஷயத்தில் ஒரு கூத்து. வீட்டில் மிச்சமிருந்த நல்ல ஊதா இந்த டஜனுக்கே சரியாகப் போய்விட்டது. உங்களுக்கென்று புதிதாகச் சாயம் காய்ச்சினேன். நடுவில் என் தங்கை இங்ரிட் போனில் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தால் விடுவாளா? திரும்பி வந்து பார்த்தால் பானை கொதித்து, கம்பளி பீட்ரூட் சாற்றில் விழுந்த மாதிரி இருக்கிறது. இந்த நிறம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. ஒட்டுப்போட இது போதும், மீனுக்கென்ன தெரியப் போகிறது.

கேட்டதைக் கொடுத்துவிட்டேன். இனி நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். லைல் ஆற்றோடு போன அன்று அவன் நூலின் நுனியில் இருந்தது என் ஈயா?

அதற்கு முந்தின வாரம் சமையலறையில் வந்து நின்றான். “அம்மா, பெரிய மீன் மாட்டுனா முள்ளு நிமிந்துடுதும்மா. நிமிராத முள்ளுல ஒண்ணு கட்டிக் குடேன்” என்றான். இருக்கிறதிலேயே தடித்த முள்ளைத் தேடி எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். முள் நிமிர்ந்திருந்தால் மீன் போயிருக்கும். அவன் அதன் பின்னாலேயே ஆற்றின் இழுப்புக்குள் இறங்கியிருக்க மாட்டான். அன்று கரையில் நின்றவர் நீங்கள். தூண்டில் கோலை எடுத்து வந்தவரும் நீங்கள். நுனியில் இருந்ததை எனக்குக் காட்டவில்லை. நானும் பயந்துகொண்டு கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வியோடு ஒரு வீட்டில் இருக்க முடியாமல்தான் நீங்கள் ஆற்றின் மேல்பக்கம் போனீர்கள், நான் இங்கே நின்றுபோனேன்.

பதினோரு வருஷம் ஆகிவிட்டது. சொல்லிவிடுங்கள்.

ஹில்டா


கிஸ்பியாக்ஸ் ஆற்றோரம்
20 செப்டம்பர் 1994

அன்புள்ள ஹில்டா,

‘அவர்களுக்கு’! ‘நீங்கள்’! “யோவ், காலைத் துடைச்சிட்டு உள்ள வாய்யா” என்று இருபத்தெட்டு வருஷம் கத்தினவள் நீ. மரியாதையைப் பார்த்ததும் கடிதம் மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

ஈக்கள் வைரம். வளைவுக்குக் கீழே உள்ள மடுவில் முதல் நாளே ஒரு பெண்மீன், என் கை நீளம். விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு வெஸ்லி பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு எனக்குக் குடு, இல்லேன்னா இனிமே உன் தபால கொண்டாந்து தரமாட்டேன்” என்று மிரட்டுகிறான். நீ புலம்பிய கம்பளி என் கண்ணுக்கு ஊதாவாகத்தான் தெரிகிறது. ஒரு கால் பச்சை, ஒரு கால் பழுப்புக் காலுறையோடு சர்ச்சுக்கு வந்தவன் கண்ணல்லவா.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பையன், என் முகத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்துப் பேசினான். அதை விடு.

நீ கேட்டது எங்கோ பெட்டியில் இருக்கிறது. தேடுகிறேன்.

கார்ஸ்டன்


டெரஸ்
28 செப்டம்பர் 1994

கார்ஸ்டன்,

தேடுகிறீர்களா? ஓர் அறைக் குடிசையில் எதைத் தேடுகிறீர்கள்? அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்று நம்ப நான் ஒன்றும் குழந்தை இல்லை. என்னுடையது என்றால் என்னுடையது என்று எழுதுங்கள். எனக்கு என்ன, புதிதாகவா உடையப் போகிறது? கதவைத் திறந்தும் வைக்காமல் மூடியும் வைக்காமல் இருக்கிறீர்களே, அந்தக் குளிர்தான் தாங்கவில்லை.

டாக்டர் என்ன சொன்னார்? அதையாவது மழுப்பாமல் எழுதுங்கள்.

ஹில்டா


கிஸ்பியாக்ஸ் ஆற்றோரம்
9 அக்டோபர் 1994

அன்புள்ள ஹில்டா,

தாமதத்துக்கு மன்னிப்பு. நீ கேட்டதை இந்த உறையில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். அது என் ஈ. நான் கட்டியது.

அன்று காலை உன் ஈயைப் பெட்டியிலேயே வைத்துவிட்டான். என்னுடையதை எடுத்துப் பார்த்துச் சிரித்தான். “அப்பா, இது ஈயா, இல்ல உன் கம்பளித் தொப்பியில இருந்து உதிந்த பிசிரா?” என்றான். “போட்டுத்தான் பாரேன்டா” என்றேன். சரி கிழவன் ஆசைப்படுகிறான் என்று மாட்டிக்கொண்டான். சாதாரண முள்தான். என் கெட்ட நேரம், அன்றைக்கு என்று பார்த்து அது நிமிரவில்லை.

நம்பாவிட்டால் பூதக்கண்ணாடியில் தலைப்பக்கம் பார். நீ இடக்கைக்காரி, உன் சுற்று ஒரு பக்கம் போகும், ஊர் உலகத்தார் சுற்று மறுபக்கம் போகும். இது என் பக்கம் போகிற சுற்று. வெட்கத்தில்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. என்னை ஏசு, உன்னை விட்டுவிடு.

டாக்டர் கிறிஸ்துமஸ் வரை என்கிறான். எந்தக் கிறிஸ்துமஸ் என்று நான் கேட்கவில்லை.

கார்ஸ்டன்


டெரஸ்
15 அக்டோபர் 1994

அன்புள்ள கார்ஸ்டன்,

கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுற்று உங்கள் பக்கம்தான் போகிறது. உங்கள் ஈதான். நம்புகிறேன்.

ஏச ஒன்றும் இல்லை. லைல் உங்களைக் கேலி செய்துகொண்டே மாட்டினான் என்றீர்களே, அது எனக்குப் போதும். நேற்று விடியும்வரை தூங்கினேன்.

27ஆம் தேதி வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தனியாக இருமிக்கொண்டு கிடக்க வேண்டாம். ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்து வருகிறேன். ஹேசல்டனில் வந்து அழைத்துப்போக வெஸ்லியிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஹில்டா


கிஸ்பியாக்ஸ் ஆற்றோரம்
20 அக்டோபர் 1994

என் ஹில்டா,

‘உங்கள்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மூன்று தடவை படித்தேன். வெஸ்லி, “என்னய்யா, லாட்டரி விழுந்துச்சா?” என்கிறான்.

மேஜையைத் துடைத்துவிட்டேன். உனக்குக் கட்டில், எனக்கு அடுப்பு ஓரம். ஆறு தெளிந்திருக்கிறது. நீ ஒரு நாளும் தூண்டில் போட்டதில்லை. இந்த முறை மடுவின் ஓரம் நிற்கவைத்து ஒரே ஒரு வீச்சு வீசச் சொல்வேன், மாட்டேன் என்று சொல்லாதே.

நீ தூங்கினாய் என்று எழுதியதிலிருந்து நானும் தூங்குகிறேன்.

உன் கார்ஸ்டன்


கிஸ்பியாக்ஸ் ஆற்றோரம்
30 அக்டோபர் 1994

என் கார்ஸ்டன்,

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெஸ்லி தொப்பியைக் கழற்றினான். அப்போதே தெரிந்துவிட்டது. “செவ்வாக்கிழமை காலைல அக்கா. நாற்காலியிலயே. அடுப்புல தண்ணி கொதிச்சிட்டிருந்துச்சு” என்றான். இரண்டு நாள், யோவ். இரண்டே நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

நாளை உன்னைப் புதைக்கிறார்கள். இதை உன் சட்டைப்பையில் வைக்கப் போகிறேன். இனி எதற்கு ‘நீங்கள்’?

நீ அனுப்பிய ஈயைப் பஞ்சிலிருந்து எடுத்த உடனே எனக்குத் தெரியும். கண்ணாடி தேவைப்படவில்லை. உடம்பு பீட்ரூட் நிறம். என் அடுப்பில் இந்தச் செப்டம்பரில் கெட்டுப்போன கம்பளி, பதினோரு வருஷத்துக்கு முன்னால் எப்படியய்யா ஆற்றில் இருக்கும்? சுற்றைப் பற்றி அவ்வளவு யோசித்தவனுக்கு நிறம் தெரியவில்லை. பச்சைக் காலும் பழுப்புக் காலுமாகவே வந்து நின்றாய்.

பொய் என்று தெரிந்ததும் உண்மையும் தெரிந்துவிட்டது. என்னுடையது இல்லையென்றால் நீ எதற்கு இவ்வளவு பாடுபடப் போகிறாய்? அன்று விடியும்வரை தூங்கினேன் என்று எழுதியது பொய். விடியும்வரை உட்கார்ந்து அழுதேன். நீயாவது தூங்கட்டும் என்றுதான் ‘நம்புகிறேன்’ என்று எழுதினேன். நேரில் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம் என்றிருந்தேன்.

ஜன்னலில் உப்புத் தண்ணீர்க் கிளாஸ் இருக்கிறது, அடியில் துரு. புது முள்ளைப் பழசாக்கப் பார்த்திருக்கிறாய். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்குக் கீழே, கட்டிக் கட்டிப் பிரித்துப்போட்ட பீட்ரூட் பிசிர் ஒரு கை நிறைய. அந்த நடுங்குகிற கையோடு எத்தனை நாள் உட்கார்ந்தாய்?

உன் புகையிலை டப்பாவில் மற்றதையும் பார்த்தேன், லைல் மாட்டியதை. தடித்த முள், நல்ல ஊதா, இடக்கைச் சுற்று. இன்னும் ஒரு நூல்கூட அவிழவில்லை.

காலையில் வெஸ்லியின் கோலை வாங்கிக்கொண்டு மடுவுக்குப் போனேன். நீ சொன்ன ஒரு வீச்சு. நூல் முழுக்க அல்டர் மரத்தில் சிக்கிக்கொண்டது. வெஸ்லி சிரித்தான், நானும் சிரித்துவிட்டேன்.

நீ கட்டிய ஈயை என் கோட்டில் குத்தியிருக்கிறேன். அது என்னோடு இருக்கும். நான் கட்டியதையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். பதினோரு வருஷம் நீ வைத்திருந்தது போதும்.

காலைத் துடைத்துவிட்டு உள்ளே போ.

ஹில்டா