குடிலுக்குள் வைத்த கண்ணன்

சரவணை,
மார்கழி மாதம்.

அன்பு மகன் பிரசாந்தனுக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தங்கச்சி சிவரூபி உன் போனுக்கு எழுதுகிறாள். நயினை அம்மன் துணையால் இங்கே மூன்று பேரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல் என்று எல்லாரும் எழுதுவார்கள், எனக்கு இது ஆவல் இல்லையடா தம்பி, நெஞ்சுக்குள் நெருப்பு.

மாரி மழை விடவில்லை, கிணறு முட்டி நிற்கிறது, வெள்ளாடு குட்டி போட்டது. பிரான்சுக்கு என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் பாதி வழியில் உன்னை அந்தப் பனிநாட்டுப் பட்டாளத்தில் தள்ளிவிட்டான் என்று அறிந்த நாள் தொடக்கம் அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிடுகிறாள். நத்தாருக்கு முதல் சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நீ கடைசியாய்ச் சொன்னாய், அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாது, முற்றத்துக்கும் படலைக்கும் நடந்தபடி.

நத்தார் என்றதும், வேதக்காரரின் கிறிஸ்மஸ் என்றதும், ஒன்று நினைவு வந்தது. நீ அம்மாவின் வயிற்றில் இருந்த வருடம், படை எங்கட தீவைப் பிடித்து, வேதக்காரச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து, ஊரில் மிஞ்சியது நாலைந்து சைவக் குடும்பம். நல்லதண்ணிக் கிணற்றடியில் காவல் நின்ற சிங்களப் பொடியன் சிலாபத்துப் பக்கம், தமிழ் கதைப்பான், அவனும் வேதக்காரன். மண்மூட்டைக்குப் பக்கத்தில் பனையோலையால் குடில் கட்டி, களிமண்ணில் மாதாவையும் சூசையப்பரையும் பிடித்து வைத்தவன் என்னைக் கூப்பிட்டு, அண்ணை, பாலன் செய்ய வருகுது இல்லை, உடையுது, உங்கட வீட்டில பாலன் இருக்கோ என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும், வந்து அம்மாவிடம் சொன்னேன். பிறந்த பிள்ளை இல்லாமல் கொட்டில் கிடக்கக் கூடாது என்று அவள் சாமியறையில் இருந்த தவழும் கண்ணனைத் துடைத்துத் தந்துவிட்டாள். வெண்ணெயும் கையுமாய் வந்த கண்ணனைக் கண்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணை, இவர் களவெடுக்கிறவர் எல்லோ என்றான். நான் வெட்கப்பட்டுத் திருப்பிக் கேட்க, விடவில்லை, பரவாயில்லை, எங்கட மாதா வளர்ப்பா என்று வைக்கோலில் வைத்தான். தன் பங்குக் கேக்கைப் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று முழுதாய்த் தந்தான்.

தைப்பொங்கலுக்கு முதல் வெடிபட்டுச் செத்தான், சுட்டது எங்கட பொடியன்கள். அவன் பெயர் ஜெயந்தா என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆருக்காக அழுறது என்று கேட்டுக் கேட்டே அம்மா அழுதாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீ இப்போது நிற்பது அவன் நின்ற இடம். ஆரோ ஒருவரின் ஊர், ஆரோ ஒருவரின் கிணற்றடி. அங்கேயும் என்னைப்போல ஒரு கிழவன் பயந்து பயந்து வருவான், அவனைக் கண்டால் துவக்கைத் தாழ்த்து. குசினியில் விடச்சொல்லிக் கேள், சமைக்கத் தெரியும் என்று பொய் சொல்லு. கை தூக்க வழி கிடைத்தால் தூக்கு, அதில் வெட்கம் இல்லை. சுட்டுவிட்டும் வராதே, சுடுபட்டும் வராதே, வெறுங்கையோடு வா.

அம்மன் உனக்குக் காவல், உனக்கு எதிரே நிற்கிற பிள்ளைக்கும் காவல். காலுறையை ஈரத்தோடு போடாதே. போன கிழமை உன் போனுக்கு அனுப்பிய செய்திக்குக் கீழே இரண்டு சரிக் கோடும் இன்னும் சாம்பலாய்க் கிடக்கிறது. நீ பார்த்தால் இரண்டு கோடும் நீலமாகும் என்று சிவரூபி சொன்னாள். பதில் வேண்டாம், பார்த்தால் போதும். எழுத்துத் தெரியாத எனக்கு அதை வாசிக்கத் தெரியும்.

உன் வரவு பார்த்திருக்கும்
அப்பா வைத்திலிங்கம்