வானத்தைப் பார்த்த வேர்கள்

மாசி 12, திங்கள்.

நீடாமங்கலத்தில் துளை போட்டு எடுத்த மண்ணில், ஒன்பதாம் பெட்டியை இன்று மறுபடி திறந்தேன். போன வருஷம் ஆய்வகத்தில் வயது பார்த்தபோது, அதன் அடிமண் மேலே இருந்ததைவிடப் புதியது என்று வந்தது. முன்பு தரங்கம்பாடியில் போட்ட துளையின் மண்ணோடு ஒரு அடுக்குகூடப் பொருந்தவில்லை. "பெட்டியில மண்ணு தலைகீழா இருக்குமோ மேடம்?" என்று, வயது பார்க்க மண் எடுத்துத் தந்த என் மாணவி ஸ்டெல்லா கேட்டாள். "மண்ணு சரியாத்தான் இருக்கு. உன் கைதான் சுத்தமில்ல, புது மண்ணு ஒட்டிக்கிச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் ஆய்வையே விட்டுவிட்டு வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

இன்று அந்தக் களிமண்ணைக் கத்தியால் நீளவாக்கில் சீவினேன். பழைய நாணல் வேர்களின் தடம் தெரிந்தது. தடித்த பக்கம் கீழே, மெல்லிய நுனிகள் மேலே. எந்த வேரும் வானத்தைப் பார்த்து வளராது.

துளை போட்ட முருகையனுக்குப் போன் செய்தேன். "அன்னிக்கு மழை புடிச்சிக்கிச்சுங்க மேடம். நாங்க தார்ப்பாய புடிச்சிக்கிட்டு நின்னோம். குழாயிலேர்ந்து மண்ண எடுத்து பெட்டியில வச்சது நீங்கதானே" என்றார்.

பெட்டியைத் திருப்பினேன். வயதுகள் வரிசைக்கு வந்தன. தரங்கம்பாடியின் கறுப்புக் களிமண் இங்கேயும் அதே இடத்தில் இருந்தது.

ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன். "சொல்லுங்க மேடம்" என்றாள். "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் வாயில் வந்தது.

"கைய நல்லா கழுவிட்டுத்தான் சாப்பிட்டேன் மேடம்."

வேர்களைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.