லவுஞ்சில் மூன்று மணி நேரம்

ஆகஸ்ட் 28, வியாழன். சென்னை விமான நிலையம். காலை 10.50

வெளியே நல்ல வெயில். உள்ளே குளிர். சால்வையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டேன், என் புத்தி. புனேயில் கிளம்பும்போது மழை. மதுரை விமானம் 3.55க்கு. ஐந்து மணி நேரம்.

நேற்று மாலை ராஜபாளையத்திலிருந்து தம்பி செந்தில் கூப்பிட்டான். "அக்கா, அப்பாவுக்கு சீரியஸ். ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. கெளம்பி வா. ஒண்ணும் கவலப்படாத." கவலைப்படாதே என்று மூன்று தடவை. பின்னால் பெண்கள் குரல். யாரோ ஒருவர், "ஏலே, சேர எடுத்து வெளியில போடுலே" என்றார்.

எங்கள் பக்கத்தில் சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பயணத்தில் வருகிறவர்களிடம் யாரும் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. வழியில் ஏதாவது ஆகிவிடுமாம். நான்கு வருடத்துக்கு முன் மாமியார் போய் ஒரு மணி நேரம் கழித்து இவருக்கு ஃபோன் போட்டு, "அத்தைக்கு சீரியஸ், கிளம்பி வாங்க, கவலைப்படாதீங்க" என்று சொன்னது நான்தான். நேற்று செந்திலிடம் கேட்டது அதே குரல். அன்று இவர் ரயிலில் வழியெல்லாம் நம்பிக்கொண்டே வந்தார், பாவம்.

அப்பா இல்லை. எழுதிவிட்டேன்.

11.20

லவுஞ்சுக்குள் வந்துவிட்டேன். கேட் பக்கம் உட்கார்ந்து அழுதால் எதிரே இருப்பவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு மூலை கிடைத்தால் போதும் என்றிருந்தது. பர்ஸில் இந்த கிரெடிட் கார்டு இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபுக்கே வந்து ஒரு பெண், "ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ மேடம்" என்று தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டு வருடமாகச் சும்மாவே கிடந்தது. அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "ஓசிச் சோத்துக்கு ஒரு கார்டா? எம்புட்டுத் திம்பே தாயி?"

வாசலில் கல்யாணப் பந்திக்கு நிற்கிற மாதிரி வரிசை. கார்டைத் தேய்த்து இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். மூன்று மணி நேரம்தான் இருக்கலாமாம். 2.15 வரை.

இருப்பவை: இட்லி, பொங்கல், வடை, கேசரி, ஏதோ வெள்ளை பாஸ்தா, வெட்டிய தர்ப்பூசணி, காபி மெஷின். தோசை ஊற்றும் இடத்தில் கூட்டம். ஒரு குடும்பம் தட்டுகளை அடுக்கி வைத்து வீடியோ எடுக்கிறது.

நான் எடுத்தது: தண்ணீர்.

உடலை எடுக்கும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். பெற்ற பிள்ளைகள் பச்சைத் தண்ணீரோடு கிடக்க வேண்டும். நேற்று இரவு இவர் வற்புறுத்தி இரண்டு தோசை. தெரிந்தேதான் தின்றேன். இன்று காலை டீ வேறு.

பசிக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

11.40

செந்தில் கூப்பிடுகிறான். எடுக்கவில்லை. எடுத்தால் இன்னொரு பொய் சொல்வான். இல்லை, தாங்காமல் உண்மையைச் சொல்லிவிடுவான். அவன் பொய் சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம். உண்மையை இந்த பாஸ்தாவுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய் அப்பா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன்.

12.15

மறுபடி செந்தில். எடுக்கவில்லை. எத்தனை மணிக்குக் காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று கேட்கத்தான் இருக்கும்.

மேசை துடைக்கிற அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். "இன்னா மேடம், ஒண்ணுமே எடுத்துக்கலையா? லஞ்ச் வச்சிட்டாங்க."

"வேண்டாம்மா."

"விரதமா?"

தலையாட்டினேன். ஒரு கிண்ணத்தில் தர்ப்பூசணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தொடவில்லை. ஆனால் இத்தனை கூட்டத்தில் ஒருத்தராவது கவனித்தாரே என்று ஆறுதலாக இருந்தது.

1.05

மூன்றாவது தடவை. பிறகு ஒரு மெசேஜ். "அக்கா போன எடு."

ஃபோனை அணைத்துவிட்டேன்.

1.30

அணைத்ததும் ஒரு நிம்மதி. அப்பாவும் நானும் மட்டும் இருக்கிற மாதிரி. ஆறு தறி வைத்து பேண்டேஜ் துணி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் பழகி ஃபோனிலும் கத்தித்தான் பேசுவார், நான் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பேன். என் மேல் கோபம் என்றால் நேரே சொல்ல மாட்டார். "உம்மவகிட்டச் சொல்லு" என்று அம்மா வழியாக வரும். கடைசியாகப் பேசியது ஞாயிறு. வாஷிங் மெஷின் நின்றுவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று பாதியில் வைத்தேன். திரும்பக் கூப்பிடவில்லை.

கண் எரிகிறது. கர்ச்சீப் நனைந்துவிட்டது, டிஷ்யூதான்.

2.15

நேரம் முடிந்தது. வாசலில் இருந்த பெண், "நல்லா சாப்டீங்களா மேடம்?" என்றாள். ம் என்றேன்.


ஆகஸ்ட் 30, சனி. ராஜபாளையம்

தூறல். அய்யனார் கோவில் பக்கம் மலை கறுத்துக் கிடக்கிறது. நேற்றுக் காலை அப்பாவை எடுத்தார்கள். இன்று சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்தது.

வியாழன் மாலை நடந்ததை எழுத வேண்டும். எழுதாவிட்டால் மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன், எனக்கு என்னைத் தெரியும்.

மதுரையில் இறங்கி 5.20க்கு ஃபோனைப் போட்டேன். செந்திலின் மெசேஜ்கள் வந்து விழுந்தன.

1.12: "அப்பா உன்ட்ட பேசணுங்காவ"

1.31: "அக்கா"

1.50: "நல்லா முழிச்சிருக்காவ. சீக்கிரம் கூப்டு"

அதற்குமேல் ஒன்றும் இல்லை.

கூப்பிட்டேன். தம்பி மனைவி கலா எடுத்தாள். "மதினி, மாமா போயிட்டாவ மதினி. ரெண்டே முக்காலுக்கு."

ரெண்டே முக்காலுக்கு நான் கேட் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அணைத்த ஃபோன் மடியில் இருந்தது. உயிரோடு இருந்து என்னைத் தேடிய மனிதருக்கு நான் பட்டினி கிடந்திருக்கிறேன்.

மதுரையில் பிடித்த டாக்ஸி. ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "பால்கோவா வாங்கணுமாக்கா?" என்றார். அவருக்கு என்ன தெரியும். வேண்டாம் என்றேன். வன்னியம்பட்டி வரை எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்று மத்தியானம் மாடியில் செந்தில் தனியாக இருந்தான். ஃபோனை நான்தான் அணைத்தேன், ஏன் அணைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் சீரியஸ்னுதானக்கா சொன்னேன்."

"எல்லாரும் சொல்ற மாதிரி சொல்றேன்னு நெனச்சேன்லே. சேர வேற எடுத்துப் போடச் சொன்னாங்க."

"பாக்க வந்தவிய நின்னுக்கிட்டே இருந்தாவ, அதுக்குத்தான்."

அம்புட்டுத்தான் விஷயம்.

அப்பா என்ன சொல்ல நினைத்தார் என்று கேட்டேன். அவனுக்கும் தெரியாது. "தாயி எங்க வந்துக்கிட்டிருக்கான்னு மூணு தரம் கேட்டாவ. பிளேன்ல இருக்கா, அங்க போன் எடுக்காதுன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டாவ." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "அம்மாட்ட இதச் சொல்லிராதக்கா."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை என்றுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. இவரும் மகளும் காலையில் வந்து சேர்ந்தார்கள். வாங்க வேண்டியவை: வாழை இலை, நல்லெண்ணெய், கற்பூரம், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. லேபுக்கு லீவு சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு சேத்தூர்ப் பெரியம்மா பஸ்ஸில் வந்தார். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரைக்கும் இவளத்தான் கேட்டாவ. இவ பிளேன்ல இருந்தா, போன் எடுக்காதாம்ல. செந்தில் சொன்னான். அதுக்குப் பொறவு அவிய கேக்கல. செத்த நேரம் மேலயே பாத்துக்கிட்டு இருந்தாவ."

பெரியம்மா மூக்கைச் சிந்தினார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏந்தாயி, காலைல ஏறுனவ சாயந்தரம் வரைக்குமா மேலயே இருந்தே? நடுவுல எறக்கவே இல்லையா?"

வாசல் பக்கம் இலைக்கட்டோடு வந்த செந்தில் அப்படியே நின்றுவிட்டான்.

"இல்லம்மா. எறக்கவே இல்ல."