பெஞ்சை நகர்த்தலாமா, கிளெனிஸ்?

ஷ்ராப்ஷயர்,
அக்டோபர் தொடக்கம்

அன்புள்ள கிளெனிஸ்,

அடிலெய்டில் மகள் வீட்டில் நீ சௌக்கியமாக இருப்பாய். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. என் வீட்டுக்காரர் டெஸ்மண்டுக்கு நெஞ்சுச்சளி விட்டபாடில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து, நான் கடைக்குப் போனதும் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வீடு இப்படிச் சில்லிட்டுக் கிடந்தால் முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை அனுப்பிவிட்டு இங்கே நான் எதற்கு?

அதனால் சோலார் பேனல் போடப் போகிறோம். கூரை பழசு, தாங்காது. தோட்டத்தில்தான் நிறுத்த வேண்டும். ஒன்பது சதுர மீட்டருக்குள், எல்லையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, ரொம்ப உயரமில்லாமல் இருந்தால் ஊர்க் கவுன்சிலில் அனுமதி கேட்க வேண்டாமாம். உங்கள் எல்லை எங்கே என்று கவுன்சில் பெண் போனில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலியைத்தான் ஊரே தீ மூட்டிக் கொண்டாடும் ஒரு நவம்பர் ஐந்தாம் தேதி ராத்திரி நாலு பேருமாகப் பிடுங்கிக் கொளுத்தினோமே! அதில் சுட்ட உருளைக்கிழங்கின் ருசி அப்புறம் எதிலுமே வரவில்லை. உன் ஆலன் பாதி மீசையைப் பொசுக்கிக்கொண்டு நின்றாரே, பாவம்.

உன் வீட்டை வாங்கிய ரோவன் நல்ல பிள்ளை. பத்திரத்தைப் பார்த்து, கயிறு கட்டி, சேர்ந்தே அளந்தோம். விதிக்கும் பொருந்தி வெயிலும் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே உன் பெஞ்ச் நிற்கிறது.

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது, இதை மட்டும் நகர்த்தாதே, அடுத்த கோடையில் வந்து உட்காருவேன் என்றாய். வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கிறேன். இனி உனக்கு விமானப் பயணம் ஆகாது என்று உன் மகள் எழுதிய பிறகும் அடித்தேன்.

நேற்று டெஸ்மண்ட் சொன்னார்: "கவுன்சில் விட்டாச்சு, கிளெனிஸ் விடணுமே. அவகிட்ட கேக்காம அதுல கை வைக்காத. அதுவரைக்கும் நான் கோட்டோடவே இருந்துக்கறேன்."

ஆகவே கேட்கிறேன். பெஞ்சைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே போட்டு வைக்கிறேன். டீயை ஜன்னல் வழியாகவே உனக்கு நீட்டலாம். 'சரி' என்று மட்டும் எழுது, கிளெனிஸ். வர முடியாது என்று எழுதிவிடாதே.

என்றும் உன் பக்கத்து வீட்டுக்காரி,
மோரீன்