நமது நிருபரின் மூன்றாவது கற்பனை

1951 பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். உறுதியான செய்தி: இலுப்பூருக்கு மேற்கே ஆலங்குளத்துப்பட்டியில், வாக்காளர் பட்டியலுக்குக் கொடுத்த பெயர்களைப் பெண்கள் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் அவ்வூர்க் கணக்குப்பிள்ளை, நேரில். காரணம் கேட்டேன். "படிச்சவங்களுக்குத்தான் ஓட்டுன்னு பேப்பர்ல போட்டுட்டாங்களேங்க. பொய்யாப் பேரு குடுத்தா ஜெயிலாம்." எந்தப் பேப்பர் என்று கேட்கவில்லை. தெரியும்.

எங்கள் பேப்பரின் குடியரசு ஓராண்டு மலருக்கு நான் எழுதியது. 'அரசியல் சட்டம் வேறாக அமைந்திருந்தால்', மூன்று கற்பனைகள். எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு இணையாமல் தனியே நின்றிருந்தால். வரி கட்டுவோருக்கு மட்டும் ஓட்டு என்றால். கையெழுத்துப் போடுவோருக்கு மட்டும் என்றால். மூன்றும் நிஜச் செய்தி நடையில்: ஊர், தேதி, 'அதிகாரி தெரிவித்தார்'. எழுத்தறியாத ஒருத்தி பெயர் கொடுத்து ஜெயிலுக்குப் போனதாகவும் ஒரு வரி. திருச்சி ஆபீசில் பாராட்டு. எனக்கும் பெருமைதான்.



19, திங்கள்

பஸ் லேட். இலுப்பூரிலிருந்து நடை. செருப்பு வார் அறுந்தது.

ஊர் டீக்கடை. டெய்லர் ராமையா தினமும் அங்கே பேப்பரை உரக்க வாசிப்பவர். கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பது வழக்கம். மலர் வந்த அன்று ராமையா கைக்கு வந்தது உள்தாள், மூன்றாவது கற்பனை மட்டும். தலைப்பும் 'கற்பனை' என்ற சொல்லும் வேறு தாளில், வேறொருவர் மடியில். எல்லா ஊர் டீக்கடையிலும் இதுதான் பழக்கம். எனக்குத் தெரியாததா? எழுதும்போது நினைக்கவில்லை.

"தப்பா வாசிச்சிட்டேனாங்க?" என்றார் ராமையா. அச்சில் ஏதோ குழப்பம் என்றேன். எழுதியது யாரென்று சொல்லவில்லை. பேப்பர்காரரிடம் காசு வாங்க மாட்டேன் என்றார் கடைக்காரர். டீயைக் குடித்தேன்.

பிறகு கடலைக்கொல்லை. களையெடுக்கும் பெண்கள். சின்னப்பொண்ணு என்பவள்தான் முதலில் பெயர் கொடுத்தவளாம். முதலில் அடிக்கச் சொன்னவளும். கணவன் இறந்தவள், இரண்டு பிள்ளைகள். ஜெயிலுக்குப் போனால் அவர்களை யார் பார்ப்பது என்று பயம். படிப்பு வேண்டாம், இருபத்தொரு வயது போதும், சட்டமே அப்படி என்று விளக்கினேன்.

"அன்னைக்கிப் பேப்பர்ல வந்தது பொய்யி, இன்னைக்கி நீங்க சொல்றது நெசமாங்க?"

ஆமாம் என்றேன்.

"நீங்களும் பேப்பர்காரருதானங்க."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "ஜெயிலுக்குப் போயிட்டு வாக்கா, அங்கிட்டு வேளா வேளைக்குச் சோறு." சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை.

21, புதன்

திருச்சிக்கு டிரங்க் கால். மறுப்பு போட வேண்டும் என்றேன். தலைப்பிலேயே கற்பனை என்றிருக்கிறதே, மறுப்பு போட்டால் மலருக்கு இழுக்கு என்றார் ஆசிரியர். "சரி சார்" என்றேன். இத்தனை வருஷ வேலைக்குப் பிறகும் அந்தச் 'சரி சார்'.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. வாங்கவில்லை.

23, வெள்ளி

பெயர்களைத் திரும்பச் சேர்க்கும் மனுத் தாள்களோடு மறுபடி ஆலங்குளத்துப்பட்டி. டீக்கடையில் எல்லோர் முன்னும் சொன்னேன், எழுதியவன் நான்தான் என்று. பிறகு ராமையா, என்னைப் பார்க்காமல்: "நாலு நாளா ஊரே என்னைத் திட்டுதுங்க. அன்னைக்கே சொல்லிருக்கலாம்."

மனுத் தாள்களோடு கடலைக்கொல்லைக்குப் போனேன்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தார்கள். சின்னப்பொண்ணு மட்டும் தள்ளி நின்றாள். "எழுதுனவரே வந்து இல்லைங்கிறாரு. இனி எதைங்க நம்புறது? தாலுக்கா ஆபீசுல இருந்து ஆளு வந்து சொல்லட்டும், வைக்கிறேன்."

திரும்பும் வழியில் தாசில்தாரைப் பார்த்தேன். நாளை காலை ரெவின்யூ இன்ஸ்பெக்டரை அந்த ஊருக்கு அனுப்பப் பார்ப்பதாகச் சொன்னார். அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.

நிலுவை: ஒரு பெயர். மனு வாங்கும் கெடு நாளை, சனி, மாலை ஐந்து மணி.