நீங்கள் எழுதாத ஒரு நிமிடம்

அன்புள்ள அக்கா,

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

நீங்கள் எனக்காக எழுதிய டிராம்போன் தனி இசையைக் குயிலாப்பாளையத்தில் வாசித்துவிட்டுத் திண்டிவனம் வந்து சேர்ந்தோம். அங்கே நான் வாசிக்க எழுந்து நின்றதும், முன்வரிசையில் என் மாமியார் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, நீ ஒண்டியா நிக்கிற, மத்த பேண்டுக்காரங்கள்லாம் டீ குடிச்சிக்கினு இருக்காங்களா?" என்று சத்தமாகவே கேட்டார். ஹாலே சிரித்தது.

பிறகு, நீங்கள் நீண்ட மௌனம் எழுதியிருக்கும் இடத்தில் பாப்பா வீறிட்டு அழுதாள். முந்தைய பகுதியில் ஊதிக்கொண்டே ஹம்மிங் செய்யச் சொல்லியிருக்கிறீர்களே, அதையே மறுபடி ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் நான் அதைப் பழகும்போதுதான் அவள் தூங்குவாள். ஒரு நிமிடத்தில் அழுகை அடங்கியதும் உங்கள் மௌனத்தை வாசித்தேன். யாரும் அசையவில்லை.

உங்கள் இசையைக் கெடுத்துவிட்டேனோ என்றுதான் தூக்கம் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு மூச்சு பத்தாது என்று மாதா கோயில் பேண்டிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த மூச்சை நம்பி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான் அக்கா.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் வாசிக்கிறேன். பாப்பாவும் வருவாள். அழுதால் அப்படியே செய்யலாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை