சுகிர்தாவின் கம்ப்யூட்டரில் இடம் பிறந்தது

சுகிர்தா,

காபி ஆறுவதற்குள் உன் கம்ப்யூட்டரிலிருந்து நாலாயிரம் மென்பொருளைத் துரத்திவிட்டேன்! "ப்ராஜெக்டுக்கு இடமில்ல, எல்லாத்தையும் அழிக்கப் போறேன், நீ கிட்ட வராதம்மா" என்று நேற்றுக் கத்தினாயே. முப்பது வருஷம் தந்தி அடித்த கை சும்மா இருக்குமா? உன் புத்தகத்தைப் பார்த்து, மென்பொருளை நீக்கும் கட்டளையான rpm -e என்று அடித்தேன். ஒன்றை எடுக்கப் போனால், இதை நம்பி இன்னொரு மென்பொருள் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. நம்பியிருந்ததை முதலில் அனுப்பினேன்; இதுவும் பின்னாலேயே கிளம்பிற்று. நான் ஆடுகிற சீட்டாட்டமும் போயாச்சு.

முக்கூடல் போய் வருகிறேன். சொதியைச் சுடவைத்துச் சாப்பிடு.

— அம்மா

பி.கு: எடுத்தவற்றின் பட்டியல் பின்பக்கத்தில். நம்பாவிட்டால் எண்ணு.

எண்ணிட்டேம்மா. நாலாயிரம் இல்ல, பதினாலு. ஆனா ப்ராஜெக்ட் முழுசும் ஏறிட்டு. என் ஃபைல் எதையும் நான் அழிக்கல. நெசமாத்தான் செஞ்சிருக்க.

— சுகிர்தா